வயர், கேபிள் அளவும் வெப்பமும் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கோ பட்டறைக்கோ வயரிங் செய்யும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. எண்கள் பெரும்பாலும் ஐஇசி என்னும் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலைகளை ஒட்டியவை. ஒவ்வொரு நாட்டுக்கும் தனி விதிகள் இருப்பதால், இறுதி முடிவை அந்த விதிகளை அறிந்த, உரிமம் பெற்ற மின்பணியாளரே எடுக்க வேண்டும். ஆனாலும் அவர் ஏன் அந்த முடிவை எடுக்கிறார் என்பது வீட்டுக்காரருக்கும் புரிந்திருப்பது நல்லது.

வயரின் அளவு என்று சொல்லும்போது எதை அளக்கிறோம்?

உள்ளே இருக்கும் உலோகக் கடத்தியின் குறுக்குவெட்டுப் பரப்பைத்தான் அளக்கிறோம். அது சதுர மில்லிமீட்டரில் சொல்லப்படுகிறது: 1, 1.5, 2.5, 4, 6, 10, 16 என்று அந்த வரிசை போகும். வயரின் வெளித்தடிமனைப் பார்த்து அளவை ஊகிப்பது தவறு. காப்புறையைத் தடிமனாக்கி, உள்ளே தாமிரத்தைக் குறைத்த வயரும் கைக்குக் கனமாகவே தோன்றும். விட்டத்தையும் பரப்பையும் குழப்பிக்கொள்வது இன்னொரு பிழை, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒற்றைக் கம்பியின் விட்டம் ஏறத்தாழ 1.78 மில்லிமீட்டர்தான்.

ஐஇசி 60228 என்ற தரநிலை, கடத்தியின் பரப்பை நேரடியாக அளந்து பார்ப்பதைவிட அதன் மின்தடையையே உரைகல்லாகக் கொள்கிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் என்று விற்கப்படும் ஒற்றைக் கம்பித் தாமிர வயரின் மின்தடை, 20 டிகிரி செல்சியஸில், கிலோமீட்டருக்கு 7.41 ஓமைத் தாண்டக் கூடாது, 1.5 அளவுக்கு அந்த வரம்பு 12.1 ஓம். தாமிரத்தின் தூய்மை குறைந்தாலும், இழைகள் குறைந்தாலும் இந்த ஒரு சோதனையிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

அமெரிக்க முறையான ஏடபிள்யூஜியில் எண் கூடக் கூட வயர் மெலியும். 14 என்பது சுமார் 2.1 சதுர மில்லிமீட்டர், 12 என்பது 3.3, 10 என்பது 5.3. எண் மூன்று குறைந்தால் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

மின்சாரம் ஓடும்போது வயர் ஏன் சூடாகிறது?

எந்தக் கடத்திக்கும் கொஞ்சமாவது மின்தடை உண்டு. அதன் வழியே மின்னோட்டம் பாயும்போது, மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வரும் அளவுக்கு வெப்பம் உண்டாகிறது. இதை ஜேம்ஸ் ஜூல் 1841-இல் வெளியிட்டார். வயர் அளவைப் பற்றிய எல்லாக் கணக்குக்கும் வேர் இந்த ‘வர்க்கம்’ என்ற சொல்தான். மேலே சொன்ன 2.5 வயரில் ஒரு மீட்டரின் மின்தடை 0.0074 ஓம். அதில் 10 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு முக்கால் வாட் வெப்பம் உண்டாகும். 20 ஆம்பியர் ஓடினால் அது ஒன்றரை வாட்டாக நின்றுவிடாமல் 3 வாட்டாகிறது. பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்தால் மீட்டருக்கு 6 வாட். சுமை இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும்.

சூடேறச் சூடேறத் தாமிரத்தின் மின்தடையும் உயர்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 20 டிகிரியில் இருப்பதைவிட 70 டிகிரியில் அது சுமார் 20 சதவீதம் கூடுதல். ஆகவே வெப்பம் வெளியேற வழியில்லாத இடத்தில் சூடு மின்தடையைக் கூட்ட, கூடிய மின்தடை மேலும் சூட்டைக் கூட்டும். உண்டாகும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமமாகும் இடத்தில்தான் வயரின் வெப்பநிலை நிற்கும். அது எந்த டிகிரியில் நிற்கிறது என்பதே பாதுகாப்பின் கேள்வி.

தாமிரம் 1085 டிகிரியில்தானே உருகுகிறது? வயருக்கு 70 டிகிரிதான் வரம்பு என்பது ஏன்?

வரம்பு தாமிரத்துக்கு உரியதன்று, அதைப் போர்த்தியிருக்கும் காப்புறைக்கு உரியது. சாதாரண பிவிசி உறை தொடர்ந்து 70 டிகிரி வரை தாங்கும். குறுக்குப்பிணைப்புள்ள பாலிஎத்திலீன், அதாவது எக்ஸ்எல்பிஇ, 90 டிகிரி வரை தாங்கும். அடுப்பு, உலை போன்றவற்றின் அருகே பயன்படும் சிலிக்கான் ரப்பர் 180 டிகிரி வரை தாங்கும் வகைகளில் கிடைக்கிறது.

70 டிகிரியைத் தாண்டிய அடுத்த நொடியே பிவிசி உருகி ஓடிவிடாது. அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வரம்பை மீறிய வயர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒன்றும் நேராததுபோல் வேலை செய்யும். ஆனால் பிவிசியை வளையக்கூடியதாக வைத்திருக்கும் நெகிழ்வூட்டிகள் சூட்டில் மெல்ல வெளியேறி, உறை இறுகி, பின்பு வெடிப்பு விடும். வெப்பநிலை சுமார் 10 டிகிரி கூடினால் காப்புப்பொருளின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் தோராய விதி. பல பத்தாண்டுகள் இருக்க வேண்டிய வயரிங், தொடர்ந்து 90 டிகிரியில் இயங்கினால் அதில் ஏறத்தாழ கால்பங்குதான் நிலைக்கும்.

ஷார்ட் சர்க்யூட்டின்போது மட்டும் கணக்கு வேறு. அதிகபட்சம் 5 நொடிக்குள் மின்னோட்டம் துண்டிக்கப்பட்டுவிடும் என்ற நம்பிக்கையில், பிவிசி வயரின் கடத்தி 160 டிகிரி வரையும், எக்ஸ்எல்பிஇ வயரின் கடத்தி 250 டிகிரி வரையும் போக அனுமதிக்கப்படுகிறது.

ஒரே 2.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு ஓர் அட்டவணை 27 ஆம்பியர் என்கிறது, இன்னொன்று 19.5 என்கிறது. எதை நம்புவது?

இரண்டும் சரியானவைதான். ‘இந்த வயர் எத்தனை ஆம்பியர் தாங்கும்’ என்ற கேள்வி பாதிக் கேள்வி. ‘எங்கே, எப்படிப் பதிக்கப்பட்ட நிலையில்’ என்பது மீதிப் பாதி. இதைச் சொல்லாமல் தரப்படும் ஆம்பியர் எண்ணை நான் பொருட்படுத்துவதே இல்லை. வயரிங் பற்றி ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதையே வையுங்கள் என்பேன்.

ஐஇசி 60364-5-52 தரும் எண்களைப் பாருங்கள். எல்லாம் 2.5 சதுர மில்லிமீட்டர், பிவிசி உறை, தாமிரம், சுமை ஓடும் இரண்டு கடத்திகள், சுற்றுப்புறம் 30 டிகிரி. கேபிளைச் சுவரின் மேல் காற்றுப்படும்படி நேராக அடித்தால் 27 ஆம்பியர். சுவர்மேல் பொருத்திய பைப்புக்குள் வயர்களாகப் போட்டால் 24. வெப்பக்காப்பு நிரப்பிய சுவருக்குள் பைப்பில் போட்டால் 19.5. ஒரே தாமிரம், ஒரே உறை. வெப்பம் வெளியேறும் வழி மட்டும்தான் மாறியிருக்கிறது. கூரை மேலுள்ள பஞ்சு போன்ற வெப்பக்காப்புப் பொருள் கேபிளை அரை மீட்டருக்கு மேல் முழுவதுமாகச் சூழ்ந்திருந்தால், தாங்கும் மின்னோட்டத்தைப் பாதியாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இதற்கு மேல், தாங்கும் மின்னோட்டத்தைக் குறைக்கும் இரண்டு கழிவுகள் உண்டு. முதலாவது சுற்றுப்புற வெப்பம். பிவிசி வயருக்கு, 35 டிகிரியில் 0.94, 40 டிகிரியில் 0.87, 45 டிகிரியில் 0.79, 50 டிகிரியில் 0.71 என்று பெருக்க வேண்டும். வெயில் நேரடியாக அடிக்கும் மொட்டைமாடிப் பைப்பிலும், தகரக் கூரைக்குக் கீழேயும் காற்றின் வெப்பம் அறைக்குள் இருப்பதைவிட மிகக் கூடுதலாக இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டாவது கூட்டம். ஒரே பைப்புக்குள் இரண்டு சர்க்யூட்டுகள் போனால் 0.80, மூன்று போனால் 0.70, நான்கு போனால் 0.65.

இந்தக் கழிவுகள் ஒன்றோடொன்று பெருகும். 24 ஆம்பியர் வயரை, 45 டிகிரி வெப்பமுள்ள இடத்தில், மூன்று சர்க்யூட்டுகள் ஓடும் பைப்புக்குள் செலுத்தினால் 24 × 0.79 × 0.70, அதாவது 13.3 ஆம்பியர்தான் மிஞ்சுகிறது. அதே வயருக்கு ‘27 ஆம்பியர்’ என்று ஓர் அட்டவணையில் பார்த்துவிட்டு 25 ஆம்பியர் பிரேக்கர் (மின்னோட்டம் மிகுந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் கருவி) போட்டவர், வயர் தாங்குவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்குக்கு அனுமதி கொடுத்துவிட்டார்.

நியாயமான விதிவிலக்கு ஒன்றும் உண்டு. கூட்டத்தில் உள்ள ஒரு சர்க்யூட், தனக்குக் கழிவுக்குப் பின் அனுமதிக்கப்பட்ட மின்னோட்டத்தில் 30 சதவீதத்துக்கு மேல் ஒருபோதும் எடுக்காது என்று உறுதியாகத் தெரிந்தால், அதைக் கூட்டக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. எல்இடி விளக்குகளுக்கான சர்க்யூட்டுகள் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

பிரேக்கர் அளவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பிரேக்கர் காப்பது கருவியை அன்று, வயரை. சுமையின் மின்னோட்டத்தைவிடப் பிரேக்கரின் எண் குறையக் கூடாது. எல்லாக் கழிவும் போக வயர் தாங்கும் மின்னோட்டத்தைப் பிரேக்கரின் எண் தாண்டக் கூடாது. சுமை, பிரேக்கர், வயர் என்ற இந்த ஏறுவரிசை எந்த நிலையிலும் மாறக் கூடாது.

20 ஆம்பியர் என்று எழுதிய எம்சிபி, அதாவது வீட்டுப் பெட்டியில் இருக்கும் சிறு பிரேக்கர், 20.1 ஆம்பியரில் விழுந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். வீட்டு எம்சிபிகளுக்கான ஐஇசி 60898 தரநிலைப்படி, குறிப்பிட்ட எண்ணின் 1.13 மடங்கில் அது ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். அதாவது 20 ஆம்பியர் எம்சிபி 22.6 ஆம்பியரை ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளும். 29 ஆம்பியரில் விழுவதற்குக்கூட அதற்கு ஒரு மணி நேரம் வரை அவகாசம் உண்டு. வயர் அளவில் இறுக்கிப்பிடிக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

பி, சி, டி என்ற எழுத்துகள் நொடிப்பொழுதில் விழும் எல்லையைக் குறிக்கின்றன: பி வகை 3 முதல் 5 மடங்குக்குள், சி வகை 5 முதல் 10 மடங்குக்குள், டி வகை 10 முதல் 20 மடங்குக்குள். மோட்டாரும் கம்ப்ரஸரும் தொடங்கும்போது இழுக்கும் பெரிய மின்னோட்டத்துக்காகத்தான் சி, டி வகைகள் உள்ளன.

பிரேக்கர் அடிக்கடி விழுகிறது. பெரியதாக மாற்றிவிடலாமா?

கூடாது. வயரையும் பெரியதாக மாற்றினால் ஒழியக் கூடாது. விழும் பிரேக்கர் ஒரு செய்தியைச் சொல்கிறது: சுமை மிகுந்துவிட்டது, அல்லது எங்கோ பழுது இருக்கிறது, அல்லது பிரேக்கரே கெட்டுவிட்டது. மூன்றில் எது என்று கண்டுபிடிக்காமல் 16-ஐ எடுத்துவிட்டு 32-ஐ மாட்டுபவர், சுவருக்குள் இருக்கும் வயரையே ஃபியூஸாக மாற்றிவிடுகிறார்.

வயரும் பிரேக்கரும் சரியான அளவில் இருந்தும் தீப்பிடிப்பது எப்படி?

இணைப்பு முனைகள் வழியாகத்தான். சாக்கெட்டின் பின்புறத்தில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வயரின் நுனி உலோகத்தை முழுமையாகத் தொடாமல் ஓரிரு புள்ளிகளில் மட்டும் தொடுகிறது. அங்கே 0.1 ஓம் அளவுக்குக் கூடுதல் மின்தடை ஏற்பட்டால், 15 ஆம்பியர் ஓடும்போது 15 × 15 × 0.1, அதாவது 22.5 வாட் வெப்பம் அந்த மிளகளவு இடத்தில் உண்டாகிறது. சிறிய சால்டரிங் இரும்பு ஒன்றை சாக்கெட்டுக்குள் சொருகி வைத்ததற்கு இது ஒப்பு. சூட்டில் தாமிரம் கறுத்து, அதன் மேல் ஆக்சைடு படிந்து, மின்தடை இன்னும் கூடுகிறது.

ஓடுவது வழக்கமான 15 ஆம்பியர்தான் என்பதால் பிரேக்கருக்கு எதுவும் தெரியாது. 30 மில்லிஆம்பியர் கசிவுக்கு விழும் ஆர்சிசிபியும் அசையாது, ஏனென்றால் பூமிக்கு எதுவும் கசியவில்லை. இந்த இடத்தைக் காக்கக்கூடியது ஒழுங்கான வேலைப்பாடு ஒன்றுதான்.

அடையாளங்கள் முன்கூட்டியே தெரியும். வெள்ளை சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றி மட்டும் மஞ்சளோ பழுப்போ படர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கினால் ஒரு பின் மட்டும் கைசுடும். அந்தப் பின்னின் பளபளப்பு மங்கி நீலமோ கருமையோ ஏறியிருக்கும். மீன் நாற்றத்தை ஒத்த ஒரு வாடை வந்துபோகும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த சாக்கெட்டின் பயன்பாட்டை அன்றே நிறுத்த வேண்டும்.

இழைவயரைத் திருகில் மாட்டும்போது, நுழையவில்லை என்று நாலைந்து இழைகளை வெட்டிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது வயரின் அளவை அந்த இடத்தில் குறைத்துவிடுகிறது. இழைகளின் மேல் ஈயம் பூசித் திருகுவதும் நல்லதன்று; அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் நசுங்கி விலக, இணைப்பு தளர்ந்துவிடும். இழைநுனிக்கு ஏற்ற அளவில் உலோகக் குழல்முனை போட்டு, அதற்குரிய கருவியால் அழுத்துவதே முறை.

தூரம் கூடினால் வயரின் அளவையும் கூட்ட வேண்டுமா?

ஆம். சூடு தாங்கும் வயரும் தூரத்தில் தோற்றுப்போகலாம். 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயரில், போகவும் வரவும் சேர்த்து, ஓர் ஆம்பியருக்கு ஒரு மீட்டருக்கு 18 மில்லிவோல்ட் இழப்பாகும், 1.5-இல் 29, நான்கில் 11, ஆறில் 7.3. 16 ஆம்பியர் சுமை 40 மீட்டர் தொலைவில் இருந்தால் 18 × 16 × 40, அதாவது 11.5 வோல்ட் குறையும். 230 வோல்ட்டில் அது 5 சதவீதம். விளக்குகளுக்கு 3 சதவீதமும் மற்றவற்றுக்கு 5 சதவீதமும் வரம்பாகக் கொள்வது வழக்கம் என்பதால், இந்த வயர் விளிம்பில் நிற்கிறது. 4-க்குப் போவதே சரி.

பேட்டரி, சோலார் போன்ற 12 வோல்ட் அமைப்புகளில் இது இன்னும் கடுமை. அதே 2.5 வயரில் 10 ஆம்பியரை வெறும் 5 மீட்டர் கொண்டுபோனால் 0.9 வோல்ட் போய்விடுகிறது; 12 வோல்ட்டில் அது 7.5 சதவீதம்.

இழப்பைவிட முக்கியமான இன்னொன்றும் இருக்கிறது. நீண்ட, மெல்லிய வயரின் கடைசியில் ஷார்ட் ஆனால், வயரின் மின்தடையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திவிடும். சி வகை 16 ஆம்பியர் பிரேக்கர் நொடியில் விழுவது உறுதியாக வேண்டுமானால் 160 ஆம்பியர் பாய வேண்டும். அதற்கு 230 வோல்ட்டில் முழுச் சுற்றின் மின்தடை சுமார் 1.4 ஓமைத் தாண்டக் கூடாது. தோட்டத்துக் கடைசியில் இருக்கும் மோட்டாருக்கு வயர் இழுக்கும்போது இதைப் பார்க்காமல் விடுவது ஆபத்து.

ஒரு முழுக் கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

3 கிலோவாட் தண்ணீர் ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். 3000-ஐ 230-ஆல் வகுத்தால் 13 ஆம்பியர். அடுத்த பிரேக்கர் 16. சுவர்மேல் பைப்பில், 40 டிகிரியில், இன்னொரு சர்க்யூட்டோடு சேர்ந்து வயர் போகிறது. ஆகவே 16-ஐ 0.87 × 0.80-ஆல் வகுக்க வேண்டும், 23 வருகிறது. அட்டவணையில் 23 அல்லது அதற்கு மேல் தாங்கும் சிறிய அளவு 2.5, அதன் எண் 24. தூரம் 15 மீட்டர் என்றால் இழப்பு மூன்றரை வோல்ட், அதில் சிக்கலில்லை.

அதே பைப்பில் மூன்றாவதாக ஒரு சர்க்யூட்டை நுழைத்தால் 16-ஐ 0.87 × 0.70-ஆல் வகுக்க வேண்டும்; 26.3 வரும். இப்போது 2.5 போதாது, 4 தேவை. நேற்று வரை சரியாக இருந்த வயர், பின்னாளில் யாரோ ‘பைப்பில் இடம் இருக்கிறதே’ என்று இன்னொரு வயரை இழுத்ததால் மட்டுமே போதாததாக ஆகிவிடுகிறது.

வயரில் 300/500, 450/750 என்று அச்சிட்டிருப்பது என்ன?

அவை காப்புறை தாங்கும் வோல்ட்டேஜ். முதல் எண் கடத்திக்கும் பூமிக்கும் இடையிலானது, இரண்டாவது எண் இரண்டு கடத்திகளுக்கு இடையிலானது. இதற்கும் ஆம்பியருக்கும் தொடர்பில்லை, 0.6/1 கிலோவோல்ட் கேபிள் என்பதற்காக அதில் கூடுதல் மின்னோட்டம் விடலாம் என்பது தவறான முடிவு.

தீ பரவாத வயர், புகை குறைந்த வயர் என்பவை கூடுதல் சுமை தாங்குமா?

தாங்கா. எஃப்ஆர் என்பது தீ வயர் வழியே பரவுவதைக் குறைக்கும் உறை. எஃப்ஆர்எல்எஸ் அதோடு புகையையும் குறைக்கிறது. பிவிசி எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவந்து கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும். குளோரின் போன்ற ஹாலஜன் தனிமங்கள் இல்லாத வயரில் அந்த வாயு வராது. மக்கள் கூடும் கட்டடங்களில், மாடிப்படி வழிகளில், இந்தக் கூடுதல் செலவு தகும் என்பது என் உறுதியான கருத்து.

இவை எல்லாவற்றிலிருந்தும் வேறானது தீயிலும் இயங்கும் கேபிள். ஐஇசி 60331 சோதனையில் தேறிய இத்தகைய கேபிள், தீச்சுவாலைக்கு நடுவிலும் குறித்த நேரம் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும். தீயணைப்புப் பம்புக்கும் எச்சரிக்கை மணிக்கும் இதுதான் வேண்டும். எஃப்ஆர் என்ற எழுத்துகளைப் பார்த்து அதையே இது என்று எண்ணி வாங்கிவிடக் கூடாது.

அலுமினிய வயர் பயன்படுத்தலாமா?

பெரிய அளவுகளில், உரிய முனைகளோடு, தாராளமாகப் பயன்படுத்தலாம்; மின்கம்பிப் பாதைகளே அலுமினியத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் அதன் கடத்துதிறன் தாமிரத்தில் சுமார் 61 சதவீதம் என்பதால் அதே வேலைக்குப் பெரிய அளவு வேண்டும். காற்றுப்பட்டவுடன் அதன் மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம் உருவாவதும், திருகின் அழுத்தத்தில் அது மெல்ல நெகிழ்ந்து கொடுப்பதும் வீட்டுச் சுவிட்ச், சாக்கெட்டுகளுக்கு அதைப் பொருந்தாததாக்குகின்றன. தாமிரத்துக்கென்றே செய்த முனையில் அலுமினியத்தை மாட்டவே கூடாது.

தாமிரம் பூசிய அலுமினியத்தைத் தாமிரம் என்றே விற்பது இதைவிட மோசம். ஓர் இழையின் மேற்பரப்பைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளி நிறமும் தெரிந்தால் அது போலி. மேலே வெள்ளியும் உள்ளே செம்பும் தெரிந்தால் அது வெள்ளீயம் பூசிய நல்ல தாமிரமாக இருக்கும். எடையும் காட்டிக்கொடுக்கும்: தாமிரத்தின் அடர்த்தி அலுமினியத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

சுருளாக இருக்கும் எக்ஸ்டென்ஷன் வயரை அப்படியே பயன்படுத்தலாமா?

ஹீட்டர், அயர்ன்பாக்ஸ், வெல்டிங் போன்ற சுமைக்குக் கூடாது. முழுவதும் பிரித்துப் போட வேண்டும். உருளையில் சுற்றிய வயரின் உட்சுற்றுகளில் உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றி, உறைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

எர்த் வயரையும் நியூட்ரலையும் மெல்லியதாகப் போடலாமா?

எர்த்தைப் பொறுத்தவரை, பேஸ் 16 சதுர மில்லிமீட்டர் வரை இருந்தால் அதே அளவு. 16-க்கு மேல் 35 வரை 16. அதற்கும் மேல் பேஸில் பாதி என்பது எளிய விதி. ஒற்றை பேஸ் சர்க்யூட்டில் நியூட்ரலும் பேஸ் அளவுதான், ஏனென்றால் அதே மின்னோட்டம்தான் திரும்பி வருகிறது. மூன்று பேஸில் சுமை சமமாக இருந்தால் நியூட்ரலில் ஒன்றும் ஓடாது என்பது பழைய பாடம். கணினிகளும் எல்இடிகளும் உண்டாக்கும் மூன்றாம் ஹார்மோனிக் மின்னோட்டங்கள், அதாவது அடிப்படை அதிர்வெண்ணைப்போல் மூன்று மடங்கில் அலைபவை, நியூட்ரலில் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளாமல் கூடிக்கொள்வதால், அலுவலகக் கட்டடங்களில் நியூட்ரல் பேஸைவிட அதிகமாகச் சூடாவதும் உண்டு.

பழைய வயரிங்கை எப்போது மாற்ற வேண்டும்?

வயதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. மெயினை நிறுத்திய பின், மின்பணியாளர் ஒரு சுவிட்ச் பெட்டியைத் திறந்து வயரை மெல்ல வளைத்துப் பார்ப்பார். உறை நெகிழ்ந்து கொடுத்தால் நல்லது. மொறுமொறுத்து வெடித்தாலோ, தாமிரத்தோடு ஒட்டாமல் ஓடுபோல் உதிர்ந்தாலோ, அந்தச் சர்க்யூட் சூட்டில் வெந்திருக்கிறது. அடுத்து 500 வோல்ட் நேர்மின்னோட்ட (டிசி) சோதனையில் காப்பின் மின்தடை அளக்கப்படும். 230 வோல்ட் சர்க்யூட்டுக்கு ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் தேறாது. புதிய வயரிங்கில் இது நூற்றுக்கணக்கான மெகாஓமில் இருக்கும் என்பதால், இரண்டு மூன்று மெகாஓம் வந்தாலே காரணத்தைத் தேட வேண்டும்.

அறைக்கு ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் என்று கணக்கிட்டு இழுத்த வயரில் இப்போது ஏசியும் ஹீட்டரும் ஓடுகின்றன என்றால், சோதனையில் தேறினாலும் அவற்றுக்கு மெயின் பெட்டியிலிருந்தே தனித்தனி வயரும் தனித்தனி பிரேக்கரும் போட்டுக்கொள்ள வேண்டும்.